சதுரங்கத்துக்கு மேசை போட்ட டத்தோ டான் சின் நாம்



அக்டோபர் 21ஆம் நாள் நெருங்கும்போதெல்லாம் ஒரு பெயர் என் நினைவுக்கு வரும். 2018ஆம் ஆண்டு அதே நாளில் தமது 92ஆம் வயதில் காலமான டத்தோ டான் சின் நாம் அவர்களின் பெயர்தான் அது. சென்ற புதன்கிழமை பள்ளி முடிந்தபின் நடந்த சதுரங்கக் கழகக் கூட்டத்தில், "இவர் யாரென்று தெரியுமா?" என மாணவர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "குகேஷைத் தெரியும் ஐயா, கார்ல்சனைத் தெரியும்" என்றான் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். "கோலாலம்பூரில் இருக்கும் மிட் வேலி மெகாமாலைத் தெரியுமா?" என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன!

மெகாமாலைக் கட்டியெழுப்பிய குழுமத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரே மலேசியச் சதுரங்க சம்மேளனத்தின் முதல் தலைவர் என்று சொன்னபோது மாணவர்கள் நம்பாதவர்கள் போல் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நானும் என் முப்பதாம் வயதுவரை அறியாமல்தானே இருந்தேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அக்காலத்தில் எங்கள் லயத்தில் சதுரங்கப் பலகையை யாரும் கண்டதில்லை. காரம் பலகை இருந்தது. சாப்பாட்டுக் கடையோரம் சிமெந்துத் திண்ணையில் கட்டம் வரைந்து, போத்தல் மூடிகளைக் காய்களாக வைத்துப் பெரியவர்கள் 'டாம்' ஆடுவார்கள். ஒருவர் மூடியை நிமிர்த்தி வைப்பார், மற்றவர் கவிழ்த்து வைப்பார். சதுரங்கத்தை நான் கற்றது ஆசிரியர் பயிற்சிக் காலத்தில், தங்கும் விடுதியில், என் அறையில் தங்கியிருந்த சீன நண்பரிடம். அவர் எனக்குக் காய்களின் பெயர்களை மலாய் மொழியில் சொல்லிக் கொடுத்தார். அதனால் விளைந்த குழப்பம் ஒன்று பின்னாளில் என்னை மிகவும் வருத்தியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர்களைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும். மலாய்ச் சதுரங்கத்தில் அரசன் 'ராஜா'. அரசனுக்குப் பக்கத்தில் நிற்கும் காயை நாம் ராணி என்கிறோம்; மலாய்க்காரர் 'மெந்திரி' என்பர். நாம் மந்திரி என்னும் காய் அவர்களுக்கு 'காஜா', அதாவது யானை. நம்முடைய யானையோ அவர்களுக்குத் 'தீர்'. அந்தச் சொல் நம் தமிழ்த் 'தேர்' கடல் கடந்து சென்றதால் வந்தது என்பது சதுரங்க வரலாற்றை ஆராய்ந்தோர் கருத்து. ஆக, தமிழ்நாட்டில் யானை நிற்கும் மூலையில் மலாய் நாட்டில் இன்னும் தமிழ்த் தேர் நின்றுகொண்டிருக்கிறது! விளையாட்டின் பெயரான 'சாத்தூர்' என்பதும் நால்வகைப் படையைக் குறிக்கும் சதுரங்கமே. நான் வாழும் ஊரின் பெயரும் நாற்சந்தி என்றே பொருள்படும். எங்கள் மாவட்டமாகிய அலோர் காஜாவின் பெயரிலோ யானையே இருக்கிறது. சதுரங்கம் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு எங்கே கிடைக்கும் என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மலாக்காவுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலில், பாசாய் நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்த துன் பஹாரா என்னும் சதுரங்க வல்லுநரைப் பற்றிய குறிப்பு உண்டு. சுல்தான்களின் காலத்தில் இத்துறைமுகத்தில் சதுரங்கம் ஆடினார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் ஆடுவது வேறு. ஆட்டத்தை நடத்துவது வேறு. போட்டி, விதி, பதிவு, நடுவர், கடிகாரம், தரவரிசை என்னும் ஒழுங்குகளெல்லாம் இந்நாட்டுக்குள் வந்து வேரூன்றியது மிகப் பிந்திய காலத்தில். அவ்வாறு வேரூன்றச் செய்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர்தான் டத்தோ டான் சின் நாம்.

1926ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பிறந்தவர். தம்பியுடன் சேர்ந்து 1960களில் ஈப்போ கார்டன் நிறுவனத்தை வளர்த்தார். அதுவே பின்னாளில் ஐ.ஜி.பி. என்னும் பெருங்குழுமமாயிற்று. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பாழடைந்து கிடந்த விக்டோரியா மகாராணி கட்டடத்தைப் புதுப்பித்து 1986இல் மீண்டும் திறந்ததும் அந்த நிறுவனத்தின் பணியே. தொழிலைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஆர்வமில்லை. எழுதக்கூடிய தகுதியும் இல்லை. ஆனால் குதிரையைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மெல்பர்ன் கிண்ணம் என்பது ஆஸ்திரேலியாவே மூச்சை அடக்கிப் பார்க்கும் குதிரைப் பந்தயம். அதில் 1974, 1975 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்ற 'திங்க் பிக்', 1996இல் வென்ற 'செயின்ட்லி', 2008இல் வென்ற 'வியூட்' ஆகிய குதிரைகளுக்கு உரிமையாளராகவோ பங்குரிமையாளராகவோ இருந்தவர் இவர். அக்குதிரைகளை ஓட்டியவர்கள் அணிந்த சட்டை எப்படி இருந்தது தெரியுமா? கைகள் இரண்டும் மஞ்சள். உடற்பகுதி முழுவதும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். சதுரங்கப் பலகையேதான்! பந்தயத் திடலில்கூடத் தமக்குப் பிடித்த பலகையைக் குதிரைமேல் ஏற்றி ஓடவிட்ட மனிதர். சூதாட்டம் கலந்த குதிரைப் பந்தயத்தை ஓர் ஆசிரியர் பாராட்டி எழுதலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். பந்தயத்தை நான் பாராட்டவில்லை. சட்டையைத்தான் பாராட்டுகிறேன்.

நிற்க.

1974ஆம் ஆண்டு நம் சதுரங்க வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில்தான் மலேசியச் சதுரங்க சம்மேளனம் அமைந்தது. டான் சின் நாம் அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டில் முதலாவது ஆசியக் குழு வெற்றியாளர் போட்டி பினாங்கில் நடந்தது. பிலிப்பைன்ஸ் முதலிடம் பெற்றது. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகப் பிலிப்பைன்சின் யூஜினியோ டோரே உயர்ந்ததும் 1974இல்தான். ஐரோப்பியரின், குறிப்பாகச் சோவியத்து ஒன்றியத்தின் சொத்தாகவே கருதப்பட்ட ஓர் ஆட்டத்துக்குள் ஆசியா காலடி வைத்த ஆண்டு என்று அதைச் சொல்லலாம். பிலிப்பைன்சில் ஃபுளோரென்சியோ கம்போமானஸ், மலேசியாவில் டான் சின் நாம் என இரு நண்பர்கள் அந்த வேலையைத் தோள்மேல் போட்டுக்கொண்டார்கள். 1982இல் கம்போமானஸ் அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவரானார். டான் சின் நாமும் அவ்வமைப்பின் உயர்பொறுப்பில் பணியாற்றினார்.

இனி அவருடைய வாழ்வின் மிகப் பெரிய காய்நகர்த்தலுக்கு வருவோம்.

1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது சீனாவில் இந்த ஆட்டம் 'மேற்கத்தியச் சரக்கு' என்று தடை செய்யப்பட்டிருந்தது. 1970களின் நடுப்பகுதியில்தான் தடை தளர்ந்தது. 1974 மே 31இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங் சென்று மலேசியாவுக்கும் சீனாவுக்கும் தூதரக உறவை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டு சீனா ஃபிடேயில் சேர்ந்தது. அப்போது டான் சின் நாம் வகுத்த திட்டத்துக்குப் 'பெரிய டிராகன் திட்டம்' என்று பெயர். படிகள் நான்கு: பெண்கள் தனிநபர் உலகப் பட்டம், பெண்கள் குழுப் பட்டம், ஆண்கள் குழுப் பட்டம், கடைசியாக உலக வெற்றியாளர் பட்டம். உலகப் போட்டிகளில் ஒரு முறைகூட ஆடியிராத நாட்டைப் பற்றிய திட்டம் இது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கேட்டவர்கள் சிரித்திருந்தால் அதில் வியப்பில்லை.

1978இல் புவேனஸ் அயர்ஸ் ஒலிம்பியாட்டில் சீனா முதன்முறையாகக் களமிறங்கியது. அங்கே லியூ வென்சே என்பவர், ஹாலந்தின் கிராண்ட்மாஸ்டர் டோனரை ராணியைத் தியாகம் செய்து 20 நகர்த்தல்களில் வீழ்த்தினார். சிரிப்பு அத்துடன் நின்றது. 1990இல் மகளிர் உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றுகளில் ஒன்று நம் கெந்திங் மலையில் நடந்தது. 1991இல் மணிலாவில் ஸியே ஜுன் என்னும் சீனப் பெண், மாயா சிபுர்தனிட்சேயை 8½-6½ என்ற புள்ளிக்கணக்கில் வென்று உலக வெற்றியாளரானார். 1950 முதல் சோவியத்துப் பெண்களின் கையைவிட்டு அகலாத பட்டம் அது. 1998இல் சீன மகளிர் குழு ஒலிம்பியாட் தங்கம் வென்றது. 2014இல் நார்வேயின் துரோம்சோ நகரில் ஆடவர் குழுவும் வென்றது. நான்கு படிகளில் மூன்றைக் கண்ணாரக் கண்டுவிட்டுத்தான் 2018இல் டத்தோ கண்மூடினார். நான்காவது படியை 2023 ஏப்ரலில் டிங் லிரென் ஏறி முடித்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. அந்தப் பட்டத்தை 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னைப் பிள்ளை குகேஷ் 7½-6½ என்று தட்டிப் பறித்ததையும் அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எந்தப் பக்கம் கைதட்டியிருப்பாரோ!

இங்கே ஒரு கேள்வி எழத்தான் செய்யும். என் நண்பர் ஒருவர், அவரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே, முகத்துக்கு நேராகக் கேட்டார்: "மலேசியர் ஒருவர் சீனாவுக்கு வெற்றியாளர்களை உருவாக்கித் தந்தார், சரி. நம் நாட்டுக்கு என்ன கிடைத்தது? நீர் ஏன் அவரைக் கொண்டாடுகிறீர்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2018இல் அவர் மறைந்தபோது மலேசியாவில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை. நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவர் காலத்துக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. அதற்குள் இந்தோனேசியா, வியட்னாம் எல்லாம் நம்மைத் தாண்டிப் போய்விட்டன.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1961இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டரான மானுவேல் ஆரோன், 1972இல் சென்னையில் சோவியத்துப் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். அந்தக் கழகத்தில் ஆடி வளர்ந்த சிறுவர்தான் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த். பொள்ளாச்சித் தொழிலதிபர் அருட்செல்வர் நா. மகாலிங்கம் போன்ற புரவலர்கள் மாநிலச் சதுரங்கத்துக்குப் பின்புலமாக நின்றார்கள். அவரும் 2014 அக்டோபர் 2இல் மறைந்தார். இரு தொழிலதிபர்களும் ஏறக்குறைய ஒரே தலைமுறையினர். அங்கே புரவலர் இருந்தார். அவரோடு நாள்தோறும் கதவைத் திறந்துவைக்கும் ஒரு கழகமும், சொல்லிக் கொடுக்க ஆடத்தெரிந்த ஒருவரும் இருந்தார்கள். இங்கே புரவலர் இருந்தார். கதவு திறந்திருந்தது பெரும்பாலும் தலைநகரில் மட்டுமே. மலாக்காவின் தோட்டப்புறத்திலிருந்து ஒரு பிள்ளை வாரந்தோறும் கோலாலம்பூர் போய்வர முடியுமா? பால் வெட்டும் பெற்றோருக்கு அது ஆகிற காரியமா? ஆகவே நண்பரின் குறையில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம், நானே பயனடைந்தவன்.

2009ஆம் ஆண்டு நான்கு மாணவர்களை மிட் வேலியில் நடந்த மெர்டேகா குழு விரைவாட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்றேன். ஆண்டுதோறும் ஆகஸ்டு வாக்கில் அங்குள்ள சிட்டிடெல் ஓட்டலை மையமாகக் கொண்டு மலேசியச் சதுரங்க விழா நடந்து வந்த காலம் அது. டத்தோவின் குழுமத்தைச் சேர்ந்த ஓட்டல்தான். தம்பினில் இரயில் ஏறினோம். பிள்ளைகள் நால்வரும் அதற்குமுன் கோலாலம்பூரைப் பார்த்ததில்லை. போட்டி மண்டபத்துள் நுழைந்ததும் எங்களில் சிறியவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றின்மேலும் பலகை, கடிகாரம். வெளிநாட்டு மாஸ்டர்கள், வெண்தாடிப் பெரியவர்கள், சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகள் என எல்லோரும் ஒரே கூரையின்கீழ். நாங்கள் பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றோம். அதனால் என்ன? சிம்பாங் அம்பாட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகள் தாங்கள் தோற்ற ஆட்டங்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவன் இன்று தன் பிள்ளைக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறான். அந்த மேசைகளை யார் போட்டது என்று அன்று நான் விசாரித்தபோதுதான் டத்தோவின் பெயரைக் கேள்விப்பட்டேன். அவரை நான் நேரில் கண்டதில்லை.

அவர் 2006இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் பெயர் 'நெவர் சே ஐ அஸ்யூம்'. 'அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன் எனச் சொல்லாதே' என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கும். இப்போது என் குழப்பக் கதையைச் சொல்கிறேன்.

ஒரு மாவட்டப் போட்டியில் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். நடுவர் பயிற்சி ஏதும் பெறாதவன் நான். ஆடத் தெரியும் என்பதே தகுதி. இரு தமிழ்ப்பள்ளிகளைச் சேர்ந்த ஒரு பையனும் ஒரு பெண்பிள்ளையும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பையனின் சிப்பாய் எட்டாம் வரிசையை அடைந்தது. அவனுடைய வெட்டுண்ட ராணி அவள் பக்கத்தில் கிடந்தது. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, "மெந்திரி கொடு" என்றான். அவனுக்கு மலாயில் ராணி என்று பொருள். தமிழில் ஆட்டம் கற்ற அவளுக்கோ அது மந்திரி. மந்திரியை எடுத்துக் கொடுத்தாள். அவனும் பரபரப்பில் அதை வாங்கிக் கட்டத்தில் வைத்துக் கடிகாரத்தை அமுக்கிவிட்டான். அப்புறம்தான் பார்த்தான். அலறினான்.

நான் போய் விசாரித்தேன். வாய்ச்சொல்லில் ராணியைத்தானே கேட்டான், எண்ணம் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். மாற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன். பத்து நகர்த்தல்களில் அவன் வென்றான். அந்தப் பிள்ளை ஒரு சொல் பேசவில்லை. தன் ஆட்டத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். அரைப்புள்ளி குறைவால் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நடுவர் பயிற்சியில் கலந்துகொண்டபோது விதியைத் தெரிந்துகொண்டேன். பதவி உயர்வுக்குரிய கட்டத்தை எந்தக் காய் தொட்டதோ அதுவே முடிவு. வாயால் சொன்னதற்கும் மனத்தால் எண்ணியதற்கும் அங்கே இடமில்லை. மந்திரி மந்திரியாகவே நின்றிருக்க வேண்டும். அன்று மாலை பயிற்சி முடிந்தபின் என் காரிலேயே வெகுநேரம் அமர்ந்திருந்தேன். அவள் அப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். யாரிடம் சொல்லி எதைத் திருத்துவது?

அந்தப் பயிற்சியில்தான் லோத்தர் ஷ்மிட் என்னும் ஜெர்மானிய நடுவரைப் பற்றியும் கேள்விப்பட்டேன். 1972இல் ரெய்க்கியாவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதியபோது தலைமை நடுவராக இருந்தவர். தாமே ஒரு கிராண்ட்மாஸ்டர். மூன்றாம் ஆட்டத்தில் ஃபிஷர் கேமராவைக் குறித்துக் கத்த, ஸ்பாஸ்கி வெளியேற முனைய, ஷ்மிட் இருவரின் தோள்களையும் பிடித்து அமுக்கி நாற்காலியில் உட்காரவைத்து ஆடச் சொன்னாராம். அவர் அன்று தயங்கியிருந்தால் அந்த நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற ஆட்டத்தொடர் அங்கேயே முறிந்திருக்கும். 1978இல் பாகியோ நகரில் கார்ப்போவும் கோர்ச்னாயும் ஆடியபோதும் அவரே நடுவர். கார்ப்போவுக்கு ஆட்டத்தின் நடுவே தயிர் கொடுத்தது இரகசியச் சைகையா என்று எதிரணி புகார் கூற, தயிர் எப்போது, யார் கையால் வரலாம் என்பதற்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது அவருக்கு! 2013இல் மறைந்தார். இப்படிப்பட்டவர்களை நினைக்கும்போது, மேசை போடுபவரும் மேசையருகே நிற்பவரும் இல்லாமல் வெற்றியாளர் என்று ஒருவர் எங்கிருந்து வருவார் என்று தோன்றுகிறது.

சென்ற புதன்கிழமை மாணவர்களுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தேன். குதிரைச் சட்டைதான் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு மாணவி அதை உடனே வண்ணம் தீட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். மஞ்சள் கை கச்சிதமாக இருந்தது. கழக அறைச் சுவரில், காய்களின் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கும் அட்டைக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டினோம்.

அடுத்த மாதம் மாவட்ட அளவில் மீண்டும் ஒரு போட்டி. நானும் நடுவர்களில் ஒருவன். பழைய பெட்டிகளையெல்லாம் கொட்டி ராணிகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மேசைக்கு இரண்டு, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என்று உபரியாக வைத்தபின்னரே கடிகாரத்தை அமுக்கச் சொல்வது என் வழக்கம். இன்னும் ஆறு கறுப்பு ராணிகள் குறைகின்றன.